லிவர்பூலின் ஐரோப்பிய இரவுகள்: எட்டு பிரிண்ட் போடுவதென்றால் எந்த எட்டு ஆட்டம்?

செம்பறவை

எல்லாருக்கும் வணக்கம். லிவர்பூல் அணியின் ஐரோப்பிய ஆட்டங்களை வைத்து எட்டு பிரிண்ட் கொண்ட ஒரு வரிசை வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ2 அளவு, கையால் இழுக்கும் ஸ்கிரீன் பிரிண்ட். ஒன்றில் மூன்று நிறத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவு. எந்த எட்டு ஆட்டம் என்பதில்தான் உங்கள் யோசனை வேண்டும்.

இணையத்தில் விற்கிற வரிசைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டேன். ஆறு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்), ஆறு படம்: 1977, 1978, 1981, 1984, 2005, 2019. கேப்டன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பார், கீழே ஸ்கோர், ஊர், தேதி. தனித்தனியாக அழகாகத்தான் இருக்கின்றன. ஆறையும் ஒரே சுவரில் மாட்டினால் கோப்பைதான் தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. ரோமும் பாரிஸும் மாட்ரிட்டும் ஒரே இரவாகிவிடுகின்றன.

நான் வரைய நினைப்பது முடிவு தெரிவதற்கு முந்தைய நொடியை. மைதானத்தில் இருக்கிற யாருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நேரம் அது. இஸ்தான்புல் (2005 இறுதி, எதிரணி ஏ.சி. மிலான்) என்றால் கேப்டன் ஜெரார்டின் கையில் கோப்பை இருக்கும் படத்தைவிட, இடைவேளையில் 3-0 என்று நின்ற ஸ்கோர்போர்டுதான் அந்த இரவைச் சொல்கிறது.

இப்போதைக்கு உறுதியானவை நாலு: 1965 இன்டர் மிலான், 1977 செயின்ட் எட்டியென், 2005 இஸ்தான்புல், 2019 பார்சிலோனா. மீதி நாலு இடம் காலி.

ஆறுகோப்பை

நல்ல முயற்சி நண்பரே. ஆனால் 1965 எதற்கு? அன்று நம் சொந்த மைதானம் ஆன்ஃபீல்டில் 3-1 ஜெயித்தோம், சரி. அடுத்த வாரம் இன்டரின் சான் சிரோ மைதானத்தில் 3-0 தோற்று வெளியே வந்துவிட்டோமே. தோற்ற அரையிறுதியைச் சுவரில் மாட்டிவிட்டு, பாரிஸில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்திய 1981-ஐ விடுவதா? ஆலன் கென்னடி இடது பக்கம் த்ரோ-இன்னை மார்பில் வாங்கி உள்ளே புகுந்து அடித்தாரே, கடைசிப் பத்து நிமிடத்தில்! ஒரு லெஃப்ட் பேக் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோப்பையை வென்று கொடுத்த ஆட்டம் அது.

நினைவுப் பரிசு என்றால் வென்றதைத்தான் நினைவுபடுத்த வேண்டும். அது என் கருத்து.

கோப்வாசி

நான் கன வருசமா லிவர்பூலிலதான் இருக்கிறன். இஞ்ச பழைய ஆக்களிட்ட கேட்டுப் பாருங்கோ, ஆன்ஃபீல்டில இருந்ததிலயே பெரிய இரவு எது எண்டு. அறுபதுகளில வந்தவை யோசிக்காமல் இன்டர் எண்டுதான் சொல்லுவினம்.

ஏனெண்டு சொல்லுறன். 1965 மே 1-ல லிவர்பூல் முதல்முறையா எஃப்.ஏ. கோப்பை வெண்டது. இன்டர் ஆட்டம் மே 4, மூண்டே நாள். ஜெரி பர்ன் கோப்பை இறுதி ஆட்டத்தில தோள்பட்டை எலும்பு முறிஞ்சும் கடைசி வரைக்கும் விளையாடினவர். கோர்டன் மில்ன் காயத்தால இறுதி ஆட்டத்தையே தவறவிட்டவர். விளையாட ஏலாத இந்த ரெண்டு பேரிட்டயும் கோப்பையைக் குடுத்து, ஆட்டம் துவங்க முதல் மைதானத்தைச் சுத்தி வரச் சொன்னது மேனேஜர் பில் ஷாங்க்லி. சனம் போட்ட சத்தத்தில உலகக் கிளப் சாம்பியனா வந்த இன்டர் ஆடிப் போச்சு. நாலாவது நிமிசத்தில ரோஜர் ஹன்ட் கோல்.

செம்பறவை அண்ணை, நீங்கள் தேடுற "முந்தைய நொடி" அதுதான். ரெண்டு காயம்பட்ட ஆக்கள், ஒரு கோப்பை, அவையைச் சுத்தி முழுச் சனமும். பந்தே வேண்டாம்.

செம்பறவை

கோப்வாசி அண்ணா, பந்து இல்லாத பிரிண்ட் என்று சொன்னதும் ஓவியர் லௌரி நினைவுக்கு வந்தார். பர்ண்டன் பார்க்குக்கு ஆட்டம் பார்க்கப் போகும் கூட்டத்தை 1953-ல் வரைந்தாரே, இங்கிலாந்துக் கால்பந்து ஓவியங்களிலேயே புகழ்பெற்றது அதுதான். அதில் ஆட்டம் துளிகூடக் கிடையாது. குனிந்த தலைகளும் கோட்டுகளும்தான். 2022-ல் சால்ஃபர்டில் இருக்கும் லௌரி கலையகம் அதை 78 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஆட்டத்தை வரையாமலே ஆட்டத்தைச் சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த ஓவியம்.

1965 பிரிண்ட் பர்னும் மில்னும் நடப்பதுதான். முடிவாகிவிட்டது.

ரஃபா_காலம்

இஸ்தான்புல் பத்தி ஒரு வார்த்தை ப்ரோ. இடைவேளை ஸ்கோர்போர்டு நல்ல ஐடியா. ஆனா எனக்கு அந்த இரவுன்னா நம்ம கோல்கீப்பர் டூடெக்தான். எக்ஸ்ட்ரா டைம் முடியப் போற நேரம், மிலானோட ஷெவ்செங்கோ தலையால அடிச்சதைத் தடுத்தாரு. பந்து திரும்ப அவர்கிட்டயே போச்சு, ரெண்டு கஜத்துல இருந்து அடிச்சாரு, அதையும் கையைத் தூக்கி மேல தட்டி விட்டாரு. ஷெவ்செங்கோ தலையில கை வெச்சுகிட்டு நின்னாரு. அப்புறம் பெனால்டில கடைசியாத் தவறவிட்டதும் அவரேதான். அந்த டபுள் சேவ் நொடியில பந்து எங்க போகும்னு யாருக்குமே தெரியாது. உங்க கணக்குக்கும் சரியா வருது.

பேப்பர்ல வந்த ஒரு போட்டோ இருக்கு, செம ஆங்கிள். அதை அப்படியே டிரேஸ் பண்ணி மூணு கலராக் குறைச்சா சூப்பரா இருக்கும்.

மைவாசம்

தம்பி, போட்டோவை டிரேஸ் எடுப்பது வேண்டாம். நிறத்தைக் குறைத்தாலும் சாயலை மாற்றினாலும் அந்தப் படம் எடுத்தவரின் காப்புரிமை போய்விடாது. மைதானத்தின் ஓரத்தில் குந்தியிருந்து அந்த நொடிக்காகக் காத்திருந்து எடுத்தவர் அவர். ஸ்கிரீன் பிரிண்ட் செய்கிற நாமும் கைவேலைக்காரர்கள்தான். இன்னொரு கைவேலைக்காரரின் உழைப்பைச் சும்மா எடுக்கக்கூடாது.

நான் சிவகாசிப் பக்கம் ஆஃப்செட் அச்சில் வேலை பார்க்கிறேன். அதனால் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடைச் சுவரில் வெயில் படுகிற இடத்தில் மாட்டிய பழைய காலண்டர் நீலம் பாரித்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சாதாரண நாலு கலர் அச்சில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துதான் சிவப்பாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் முதலில் போவது அந்த ரெண்டும்தான், சயானும் கறுப்பும் மிஞ்சும். லிவர்பூல் படத்துக்கு இதைவிடக் கேடு இல்லை.

மலிவு விலைக்கு இணையத்தில் விற்கும் போஸ்டர்களில் நடப்பது இதுதான். ஸ்கிரீன் பிரிண்டில் சிவப்பைத் தனி ஸ்பாட் கலராகவே, அதாவது ஒரே சிவப்பு மையாகவே, போடலாம். பிக்மென்ட் மை, லைட்ஃபாஸ்ட் (வெளிச்சத்தில் மங்காத) தரம் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடும், ஆனால் இந்த வரிசையில் சிவப்புதான் எல்லாமே. காகிதம் 300 ஜி.எஸ்.எம். காட்டன், ஆசிட் இல்லாதது. பளபளப்பு ஆர்ட் பேப்பர் பக்கமே போகாதீர்கள்.

இஸ்தான்புல்லில் மிலான் வெள்ளைச் சட்டை போட்டு ஆடியது. அதற்கு மையே வேண்டாம், காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் மட்டும் அடித்தால் மிலான்காரர்கள் தானாக எழுந்து நிற்பார்கள்.

செம்பறவை

மைவாசம் ஐயா, காகித வெள்ளையே மிலான்! இது எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

உரிமை விஷயத்தில் நானும் கவனமாக இருக்கிறேன். எந்தப் படத்தையும் டிரேஸ் எடுக்கப் போவதில்லை. ஆட்டத்தின் பதிவைப் பலமுறை பார்த்து, யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொண்டு, நானே ஒரு கோணம் தேர்ந்தெடுத்து வரைகிறேன். கிளப் முத்திரையும் போடுவதில்லை. லிவர் பறவை அந்த ஊரின் பழைய சின்னம், ராயல் லிவர் கட்டடத்தின் உச்சியில் ரெண்டு நிற்கின்றன. ஆனால் கிளப் பயன்படுத்தும் வடிவம் கிளப்பின் வணிகச் சின்னம். 2019-ல் "லிவர்பூல்" என்ற பெயரையே கால்பந்துப் பொருள்களுக்குப் பதிவு செய்யக் கிளப் விண்ணப்பித்தது. ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள். அது ஓர் ஊரின் பெயர் என்பதால் பதிவு அலுவலகம் மறுத்துவிட்டது.

ரஃபா தம்பி, டூடெக்கை நானும் யோசித்தேன். ஆனால் அந்த டபுள் சேவ் நொடியை ஏற்கெனவே ஆயிரம் பேர் வரைந்துவிட்டார்கள். இடைவேளையில் 3-0 பின்தங்கியிருந்தபோது ரசிகர்கள் பாடினார்கள் அல்லவா? மால்டினி முதல் நிமிடத்திலேயே அடித்தார், கிரெஸ்போ ரெண்டு. இனி எதுவுமில்லை என்ற நேரத்தில் பாடினார்கள். பிறகு 54-ல் ஜெரார்ட், 56-ல் ஸ்மிட்சர், 60-ல் அலோன்சோ. ஆறு நிமிடத்தில் மூன்று கோல் விழப்போகிறது என்று பாடியவர்களுக்குத் தெரியாது. நான் வரைய நினைப்பது அந்தப் பாட்டை.

ரஃபா_காலம்

சரி ப்ரோ, ஒத்துக்கிறேன். ஆனா ஸ்மிட்சரை எங்கயாவது வையுங்க. கிளப்புக்கு அவரோட கடைசி ஆட்டம் அது. கியூவெல் காயத்துல வெளிய போனதால உள்ள வந்தவர், கோலும் அடிச்சு பெனால்டியும் போட்டாரு. எந்த பிரிண்ட்லயும் அவரை யாரும் வரையறதில்ல.

கோப்வாசி

செயின்ட் எட்டியெனுக்கு வாறன். 1977 மார்ச் 16. பிரான்ஸில 1-0 தோத்திட்டு வந்தது லிவர்பூல். கீகன் ரெண்டாவது நிமிசத்தில அடிச்சிட்டார். இடைவேளைக்குப் பிறகு பாத்தனே தூரத்தில இருந்து ஒண்டு போட்டார். அப்ப இருந்த வெளி மைதான கோல் விதியால (ரெண்டு ஆட்டக் கணக்கும் சமமெண்டால் வெளி மைதானத்தில கூட அடிச்சவை வெல்லுவினம்) இனி லிவர்பூலுக்கு ரெண்டு வேணும். ரே கென்னடி ஒண்டு அடிச்சார். பிறகு டோஷாக்கை எடுத்திட்டு டேவிட் ஃபேர்க்ளஃப் எண்ட இருபது வயசுப் பொடியனை இறக்கினவை. 84-வது நிமிசம் நீளப் பந்து ஒண்டு வந்தது, அவன் ஓடினான், கோப் (ஆன்ஃபீல்டில ஒரு கோலுக்குப் பின்னால இருக்கிற ரசிகர் மேடை) பக்கம் கோல்.

வரையேக்க ரெண்டு விசயம் கவனியுங்கோ. ஒண்டு, 1977-ல சட்டையில விளம்பரம் ஒண்டும் இல்லை. ஹிடாச்சி வந்தது 1979-லதான். கன பேர் பிழையா வரையினம். மற்றது, கோப் அப்ப முழுக்க நிண்டு பாக்கிற இடம். 1994-ல ஆன அந்தக் கடைசி நாள் வரைக்கும் அப்பிடித்தான். கோல் விழேக்க சனம் அலை மாதிரி கீழ சரியும், பிறகு மேல வரும். இருக்கை வரிசை போட்டு வரைஞ்சால் அது வேற காலம்.

கோப் எண்ட பேரும் சும்மா வரேல்ல. 1900-ல தென்னாபிரிக்காவில நடந்த ஸ்பியன் கோப் சண்டையில லங்காஷயர்ப் பொடியள் கன பேர் செத்தவை, அவையின்ர நினைவில 1906-ல வைச்ச பேர். அந்தச் சண்டையில காயக்காரரைத் தூக்கின இந்தியத் தொண்டர் படையில காந்தி இருந்தவர். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாப் போன எங்கட ஆக்களும் அந்தப் படையில இருந்தவை. பிரிண்டில போடச் சொல்லேல்ல, தெரிஞ்சிருக்கட்டும் எண்டு சொன்னன்.

ஆறுகோப்பை

1965-க்கு நான் சமாதானம் ஆகிவிட்டேன், கோப்வாசி சொன்னதைப் படித்த பிறகு வேறு வழியில்லை. இருந்தாலும் இறுதி ஆட்டங்களில் குறைந்தது ரெண்டாவது சேருங்கள்.

1977 ரோம் கண்டிப்பாக வேண்டும். நாலு நாள் முன்புதான் வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் எஃப்.ஏ. கோப்பையைத் தோற்றிருந்தார்கள். டாமி ஸ்மித் பதினாலு வருடமாக முதல் அணியில் ஆடி, ஓய்வு பெறும் நேரம். ஹைவே கார்னர் எடுக்க, ஸ்மித் தலையால் முட்டினார், 2-1. கீகனுக்கும் அது லிவர்பூலில் கடைசி ஆட்டம். எதிரணி மான்செங்கிளாட்பாக்கின் ஃபோக்ட்ஸ் அவரைவிட்டு நகரவே இல்லை. கடைசியில் ஃபோக்ட்ஸ்தான் கீகனைத் தள்ளிவிட்டுப் பெனால்டி கொடுத்தார்.

அதே மைதானத்தில் 1984. எதிரணி ரோமா, அவர்களுடைய சொந்த வீடு. பெனால்டியில் முதல் உதையே நிக்கோல் மேலே அடித்துவிட்டார். பிறகு கோன்டி, கிராட்சியானி ரெண்டு பேரும் தவறவிட்டார்கள். நம் கோல்கீப்பர் குரோபெலார் கோல் கோட்டில் கால்கள் தள்ளாடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தள்ளாடும் கால்களை மட்டும் வரைந்தாலே போதும், ஊர் உலகம் கண்டுபிடித்துவிடும். கடைசி உதையை அடித்தது அதே ஆலன் கென்னடி. 1981-ஐ விட்டதற்கு அவருக்கு இதிலாவது ஓர் இடம் கொடுங்கள்.

மைவாசம்

நான் ஒன்று கேட்கலாமா? 1973 யு.இ.எஃப்.ஏ. கோப்பை இறுதி, ஐரோப்பியக் கோப்பை அல்ல, அதற்கு அடுத்த நிலைப் போட்டி. ஆன்ஃபீல்டில் மழை, 27 நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த அரைமணி நேரத்துக்குள் பில் ஷாங்க்லி ஒன்றைப் பார்த்துவிட்டார்: மான்செங்கிளாட்பாக் தற்காப்பு உயரப் பந்துகளுக்குத் தடுமாறியது. மறுநாள் இரவு புதிதாக ஆட்டம் தொடங்கியபோது டோஷாக்கை இறக்கினார். கீகன் ரெண்டு, லாய்ட் ஒன்று, 3-0. அதே ஆட்டத்தில் ஹெய்ன்கெஸ் அடித்த பெனால்டியைக் கிளெமென்ஸ் தடுத்தார். ஜெர்மனியில் 2-0 தோற்றார்கள், ஆக 3-2. அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் கோப்பை இல்லை. ஐரோப்பாவில் கிளப் வென்ற முதல் கோப்பையே மழையால் வந்தது.

ஸ்கிரீன் பிரிண்டில் மழை அழகாக வரும். சாம்பல் நிறத்தில் சாய்கோடுகள், நடுவே குடையைப் பிடித்துக்கொண்டு தரையில் பந்து எழும்புகிறதா என்று பார்க்கும் நடுவர்.

செம்பறவை

ஐயா, மழை பிரிண்ட் சேர்ந்தது. ரோம் ரெண்டும் சேர்ந்தன. 1984-க்குக் குரோபெலாரின் இடுப்புக்குக் கீழே மட்டும்தான். ஆறுகோப்பை நண்பரே, தூரத்தில் தன் முறைக்குக் காத்து நிற்பவர்களில் ஆலன் கென்னடி இருப்பார்.

பார்சிலோனாவுக்கு நான் யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019 மே 7. முதல் ஆட்டத்தில் 3-0 தோல்வி. சலாவும் ஃபிர்மினோவும் காயம். 79-வது நிமிடத்தில் மொத்தக் கணக்கு சமம். அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் கார்னரை வைத்துவிட்டு, வேறு யாராவது எடுக்கட்டும் என்பதுபோல் நகர்கிறார். திடீரென்று திரும்பி அடிக்கிறார். ஒரிகியைத் தவிர யாரும் பந்தைப் பார்க்கவில்லை. நான் வரைவது அவர் அந்த ரெண்டு அடி நகர்ந்து நிற்கும் நொடி. தனியாக ஒரு பந்து, கொடி, கால் வட்டக் கோடு, விலகிப் போகும் ஒருவரின் முதுகு. பெட்டிக்குள் பார்சிலோனாக்காரர்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பந்தைச் சட்டென்று எடுத்துக் கொடுத்த பால் பாய் ஓரத்தில் உண்டு.

இப்போது ஏழு: 1965, 1973, 1977 ரெண்டு, 1984, 2005, 2019. ஓர் இடம் மிச்சம். ஒலிம்பியாகோஸ் 2004-ஆ, டார்ட்மன்ட் 2016-ஆ, அலவேஸ் 2001-ஆ?

ரஃபா_காலம்

ஒலிம்பியாகோஸ்! இடைவேளையில 1-0 பின்தங்கி, ரெண்டாம் பாதியில மூணு கோல் வேணும். 86-வது நிமிஷம் மெல்லர் தலையால இறக்கிக் குடுத்தாரு, ஜெரார்ட் தூரத்துல இருந்து அடிச்சாரு. அது இல்லைன்னா இஸ்தான்புல்லே கிடையாது.

கறுப்புவெள்ளை

நான் யுவென்டஸ் ரசிகன். இந்த இழையை முதல் பதிவிலிருந்து படித்து வருகிறேன், வரிசை மிக நன்றாக வந்துகொண்டிருக்கிறது. வரலாற்று ஐரோப்பிய ஆட்டங்கள் என்று சொல்கிறீர்கள். 1984 வந்தது. அடுத்த வருடம் எங்கே?

1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் மைதானம், லிவர்பூலும் யுவென்டஸும் மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதி. லிவர்பூல் ரசிகர்கள் பெரும்பாலும் இத்தாலியர் நின்ற Z பகுதிக்குள் பாய்ந்தார்கள். அங்கிருந்தவர்கள் ஒதுங்க இடமில்லாமல் நெரிந்தார்கள், சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள், பிளாட்டினி பெனால்டியில் நாங்கள் 1-0 வென்றதாகக் கணக்கு. அந்தக் கோப்பையை நினைத்து என்னால் மகிழ முடிந்ததே இல்லை.

யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் லிவர்பூலின் ஐரோப்பிய வரலாற்றைச் சொல்லும் எந்த வரிசையும் 1984-லிருந்து 2005-க்குத் தாவுகிறது. நடுவில் ஏன் அத்தனை வருடம் வெற்றிடம் என்று கேட்கும் சிறுவனுக்கு அந்தச் சுவர் என்ன சொல்லும்? இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு ஐந்து வருடத் தடை, லிவர்பூலுக்கு ஆறு.

ஆறுகோப்பை

உங்கள் வலி புரிகிறது நண்பரே, மரியாதையோடு சொல்கிறேன். ஆனால் வீட்டு வரவேற்பறையில் மாட்டும் பிரிண்ட் கொண்டாட்டத்துக்கானது. ஒரு பேரழிவை மூன்று நிறத்தில் வரைந்து சட்டம் போட்டு மாட்டுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையா? நினைவுச் சின்னம் மைதானத்தில் இருக்கட்டும். சுவரில் வேண்டாம்.

கோப்வாசி

கறுப்புவெள்ளை தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் நேராச் சொல்லுறன். 1989-ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில செத்த 97 லிவர்பூல் ரசிகருக்காக இந்த ஊர் நீதி கேட்டுப் பல வருசம் போராடினது. அதில எனக்குப் பெருமை இருக்கு. அதே ஊர் ஹெய்சலைப் பற்றிக் கதைக்கக் கன காலம் எடுத்தது. 1989-ல பெல்ஜிய நீதிமன்றம் 14 லிவர்பூல் ரசிகரைக் குற்றவாளி எண்டு தீர்த்தது. ஆன்ஃபீல்ட் சுவரில ஹெய்சல் நினைவுப் பலகை வைச்சது 2010-லதான், ஃபில் நீலும் யுவென்டஸின்ர செர்ஜியோ பிரியோவும் திறந்து வைச்சவை.

ஆனா ஆறுகோப்பை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. அந்த இரவை வரைய ஏலாது, வரையவும் கூடாது. நான் வேற ஒண்டு சொல்லுறன். 2005 ஏப்ரல் 5. ஹெய்சலுக்குப் பிறகு முதல்முறையா ரெண்டு கிளப்பும் சந்திச்ச ஆட்டம், ஆன்ஃபீல்டில காலிறுதி. ஆட்டம் துவங்க முதல் கோப் முழுக்க அட்டைகளைத் தூக்கிப் பிடிச்சு ஒரு மொசைக் செய்தது. இத்தாலிய மொழியில "அமிச்சீட்சியா", நட்பு எண்டு. அதுதான் எட்டாவது பிரிண்ட்.

கறுப்புவெள்ளை

அந்த மொசைக் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். பலர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். இருபது வருடம் கழித்து வந்த அந்தக் கையை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களையும் நான் தவறு சொல்ல மாட்டேன்.

செம்பறவை, மொசைக்கை மட்டும் வரைந்தால் அது லிவர்பூல் தன்னைத்தானே மன்னித்துக்கொண்ட படமாகிவிடும். எங்கள் பக்கத்திலிருந்து வரையுங்கள். முன்னால் திரும்பிய முதுகுகளும் கைதட்டும் கைகளும், தூரத்தில் எதிர்க்கோடியில் அந்த எழுத்துகள். நீங்கள் முதல் பதிவில் சொன்னீர்களே, அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நொடி என்று. இந்த வரிசையில் அதற்கு இதைவிட உண்மையான நொடி இருக்க முடியாது. நீட்டிய கையை ஏற்பார்களா என்று கோப்புக்கு அன்று தெரியாது.

செம்பறவை

இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்ன கோணத்தில் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். மொசைக்கை நெருக்கமாக வரைந்தபோது அது போஸ்டராக இருந்தது. யுவென்டஸ் பக்கம் போய் நின்றதும்தான் ஆட்டம் நடக்கிற இடமாக ஆனது. அப்படியே வரைகிறேன்.

இதில் ஸ்கோர் இருக்காது. அன்று லிவர்பூல் 2-1 வென்றது, லூயிஸ் கார்சியா அடித்த கோல் யாரும் மறக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு இங்கே இடமில்லை. கீழே ரெண்டு தேதி மட்டும், 1985 மே 29, 2005 ஏப்ரல் 5. அதன் கீழே 39 பெயர்கள்.

ரஃபா தம்பி, ஒலிம்பியாகோஸ் இந்த எட்டில் வராது. அது பெரிய இரவுதான், மறுக்கவில்லை.

ரஃபா_காலம்

பரவாயில்ல ப்ரோ. இதுதான் வேணும்.

ஆறுகோப்பை

பெயர்களோடு வருவதென்றால் நானும் ஏற்கிறேன். ஒரு யோசனை: மற்ற ஏழையும் 150 பிரதி போட்டு "17/150" என்று பென்சிலில் எண் இடுவீர்கள் அல்லவா? இதை மட்டும் 39 பிரதி போடலாம். ஒவ்வொருவருக்கும் ஒன்று என்ற பொருளில்.

கறுப்புவெள்ளை

நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று தெரியும் அண்ணா. ஆனால் தயவுசெய்து வேண்டாம். எண் குறைந்தால் விலை ஏறும். "39-ல் ஒன்று" என்று யாரோ ஒருவர் மறுவிற்பனைக்குப் போடுவார். "1/39" யாருக்கு, "39/39" யாருக்கு என்று போட்டி வரும். இறந்தவர்களின் எண்ணிக்கை சேகரிப்பாளர்களின் எண்ணிக்கையாக மாறக்கூடாது.

பிரஸ்ஸல்ஸில் அந்த மைதானத்தின் அருகே 2005-ல் ஒரு சூரியக் கடிகாரம் வைத்தார்கள், 39 விளக்குகளோடு. அங்கே அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. யாரும் ஒரு விளக்கை வாங்கிப் போக முடியாது.

கோப்வாசி

ஓம். விக்கவும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

செம்பறவை

ஏற்கிறேன். எட்டாவதுக்கு எண் இல்லை, தனி விலை இல்லை. வரிசையிலிருந்து ஏதாவது ஒன்றை வாங்குகிறவர்களுக்கும் அது கூடவே போகும். ஆறுகோப்பை நண்பரே, 1984 மட்டும் வேண்டும் என்பவருக்கும் அது போகும். குரோபெலாரின் கால்களுக்குப் பக்கத்தில் அவர் அதை மாட்டுவாரா, சுருட்டி வைப்பாரா என்பது அவர் முடிவு. ஆனால் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்.

மற்ற ஏழும் 150 பிரதி. ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (எண்ணில் சேராத, ஓவியர் தனக்கென எடுக்கும் பிரதி) ஒன்றிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை.

மைவாசம்

அச்சுப் பக்கம் சில குறிப்புகள், வேலை தொடங்குமுன் படித்துவிடுங்கள்.

39 பெயர்களைச் சிவப்புப் பரப்புக்குள் வெள்ளையாக விடலாம் என்று ஆசை வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்கிரீனில் சின்ன எழுத்தை அப்படி விட்டால் மை உள்ளே பரவி எழுத்து அடைத்துக்கொள்ளும். ஒரு பெயர்கூட மங்கக்கூடாது என்பதால் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்தாகவே போடுங்கள். எட்டு பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். பெயர்களுக்கு மட்டும் நெருக்கமான மெஷ்ஷில் (வலைத்துணியில்) தனி ஸ்கிரீன் செய்துகொண்டால் இன்னும் நல்லது. கறுப்பைக் கடைசியில் அடியுங்கள், ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) இம்மி நகர்ந்தாலும் அது மறைத்துவிடும்.

சட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி பிரிண்டைத் தொடக்கூடாது, நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரம் ஏறி மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. மவுண்டும் ஆசிட் இல்லாததாக இருக்கட்டும், இல்லையென்றால் ஓரம் பழுக்கும். முடிந்தால் புற ஊதா தடுக்கும் கண்ணாடி. வெயில் நேராக விழாத சுவர்.

செம்பறவை

அப்படியே செய்கிறேன் ஐயா. முதலில் மழை பிரிண்டை அடிக்கிறேன், ரெண்டே நிறம், கை பழகும். பிறகு 1965. எட்டாவதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்துவிட்டேன், அச்சுக்குப் போகுமுன் யாராவது சரிபார்க்க வேண்டும்.

கறுப்புவெள்ளை

எனக்கு அனுப்புங்கள். 32 பேர் இத்தாலியர், 4 பேர் பெல்ஜியர், 2 பேர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் வட அயர்லாந்துக்காரர். இத்தாலியப் பெயர்களில் இரட்டை மெய்யெழுத்து விட்டுப்போகும், பிரெஞ்சில் உச்சரிப்புக் குறி விட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். அதன் பிறகு ஸ்கிரீன் செய்யுங்கள்.